திருவண்ணாமலை வெளிச்சத்தை அழித்தது சரியா?

மலைப்பாதை:
மே மாத அமாவாசைக்கு ஜவ்வாது மலை போயிருந்தபோது எடுத்த படம். ஒற்றைப் பலாமரம், அதன் தலைக்கு மேல் பால்வீதி. தென்கிழக்கைப் பார்த்து முக்காலியை வைத்தேன். மரத்துக்கு மாலை 6.55க்கு ஒரு படம். முக்காலியை அசைக்காமல் காத்திருந்து, வானத்துக்கு இரவு 11.30 வாக்கில் 16 படங்கள்: 20 மி.மீ. லென்ஸ், எஃப் 2.8, ஐஎஸ்ஓ 3200, ஒவ்வொன்றும் 25 விநாடி. எல்லாவற்றையும் கணினியில் அடுக்கிச் சேர்த்தேன். அடிவானத்தில் மஞ்சளாகப் படர்ந்திருந்த வெளிச்சத்தை நீக்கிவிட்டேன். இரவு வானத்தில் இது என் மூன்றாவது முயற்சி. குறைகளைத் தயங்காமல் சொல்லுங்கள்.

கேட்டை:
மரத்தை வைத்த இடம் அருமை. ஆனால் படத்தைப் பெரிதாக்கினால் விண்மீன்கள் புள்ளியாக இல்லை, சின்னக் கோடாக இருக்கின்றன. 500ஐ 20ஆல் வகுத்து 25 விநாடி என்று எடுத்திருப்பீர்கள். விண்மீன் கோடாக இழுபடாமல் எடுக்கப் பலரும் சொல்லித் தரும் கணக்குதான், ஆனால் இன்றைய சென்சாருக்கு அது தாராளம். வானம் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு டிகிரியில் 3600இல் ஒரு பங்கு ஒரு வில்விநாடி) நகர்கிறது. 24 மெகாபிக்சல் முழு அளவு சென்சாரில் உங்கள் லென்ஸுக்கு ஐந்தாறு பிக்சல் இழுத்துவிடும். 10 விநாடிக்கு இறங்கி, படங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இரண்டு விஷயங்களில் எனக்கு உடன்பாடில்லை. சாயங்கால மரத்தையும் நள்ளிரவு வானத்தையும் ஒட்டியிருக்கிறீர்கள். அங்கே நின்ற யாரும் இந்தக் காட்சியைப் பார்த்திருக்க முடியாது. அதைவிட, அந்த மஞ்சள் வெளிச்சத்தை ஏன் அழித்தீர்கள்? அது திருவண்ணாமலை.

மலைப்பாதை:
25 விநாடி விஷயம் புரிந்தது, நன்றி அண்ணா. மற்றதை ஏற்க முடியவில்லை. நாலரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்குப் பால்வீதி சாம்பல் நிறப் புகை போலத்தான் இருந்தது. மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழித்திரைச் செல்களுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது. ஷட்டரை 25 விநாடி திறந்து வைத்தாலே அது கண் காணாத காட்சி ஆகிவிடுகிறது. 16 படங்களை அடுக்கி, படத்தில் பொடிப் புள்ளிகளாகத் தெரியும் இரைச்சலைக் கால் பங்காக்கியதும் அப்படித்தான். அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறீர்கள், இதை மட்டும் ஏன் தடுக்கிறீர்கள்?

வேலூர் வெயில்:
நான் மலைப்பாதை பக்கம். கோயில் கோபுரத்தைப் படம் எடுத்தால் குறுக்கே போகும் மின்கம்பியை நீக்குகிறோம், யாரும் கேட்பதில்லை. இது பயணத்தின் நினைவாக எடுத்த படம், ஆய்வு அறிக்கை இல்லை. மூன்றாவது முயற்சியில் இருப்பவரிடம் இவ்வளவு கண்டிப்பு எதற்கு?

கேட்டை:
குறை சொல்லச் சொல்லி அவரே கேட்டதால்தான் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிந்ததுதான் படம் என்ற என் வாதம் நிற்காது, ஒப்புக்கொள்கிறேன். மரம் விஷயத்திலும் சரி: அதே முக்காலி, அதே கோணம், நேரத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.

வெளிச்சத்தில் இறங்கி வர மாட்டேன். அது மின்கம்பி மாதிரி குறுக்கே வந்த பொருள் இல்லை, அன்றைய வானத்தின் நிலையே அதுதான். இதே ஜவ்வாது மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. 1977இல் யுரேனஸின் வளையங்கள் வெளிப்பட்டபோது அங்கிருந்தும் அதைப் பதிவு செய்தார்கள். 1986 முதல் 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்கே நிற்கிறது. இருட்டுக்காகத் தேடிப் பிடித்த மலை அது. சுற்றியுள்ள ஊர்களின் விளக்குகள் மேல்நோக்கிச் சிந்தும் ஒளி தூசியில் பட்டுச் சிதறி அந்த இருட்டைத் தின்கிறது. நீங்கள் அழித்தது அதைத்தான். படம் போடுகிறவர்கள் எல்லாரும் இப்படி அழித்தால், பார்க்கிறவர்களுக்கு அங்கே வானம் இன்னும் கருப்பாக இருப்பதாகத்தான் தோன்றும். அப்புறம் தெருவிளக்குக்கு மூடி போடுங்கள் என்று யார் கேட்பார்கள்? லடாக்கில் ஹன்லேயைச் சுற்றி 2022இல் இருண்ட வான் காப்பகம் அறிவித்து, வீட்டு விளக்குகளுக்கே கட்டுப்பாடு வைத்தார்கள்.

பூரணி:
குறுக்கே ஒரு கேள்வி. என் கைப்பேசியில் ஒரு செயலி தானாகவே வானத்தை மாற்றிவிட்டது. நானே நம்பிவிட்டேன். ஒட்டிய வானத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேட்டை:
விருச்சிகத்தைப் பாருங்கள் அம்மா. செந்நிறக் கேட்டை விண்மீனிலிருந்து வால் நுனியில் இருக்கும் மூலம் விண்மீன் வரை ஏறக்குறைய 17 டிகிரி. கையை நீட்டி விரல்களை விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. தேளே மரத்தை விடப் பல மடங்கு பெரிதாக வானத்தை அடைத்துக்கொண்டு நின்றாலோ, வால் எதிர்ப்பக்கம் வளைந்தாலோ சந்தேகப்படுங்கள். மலைப்பாதையின் படத்தில் தேள் சரியான அளவில் இருக்கிறது.

மலைப்பாதை:
வெளிச்சத்தை நீக்காத வடிவத்தையும் இப்போது சேர்த்திருக்கிறேன். நான் எதிர்பார்க்காத ஒன்று: அந்த மஞ்சளுக்கு முன்னால் பலாமரத்தின் இலை விளிம்பு இன்னும் தெளிவாகப் பிரிகிறது. இருந்தாலும் வீட்டுச் சுவருக்கு முதல் படத்தைத்தான் பெரிதாக அச்சிடுவேன். அந்த இரவு என் மனதில் அப்படித்தான் இருக்கிறது. பொதுவில் போடும்போது நீக்கியதைச் சொல்லிவிடுவேன்.

கேட்டை:
பொதுவில் இரண்டாவதைப் போடுங்கள் என்பதே இன்னும் என் கோரிக்கை. சொல்லிவிட்டால் போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. படம் நாலு கை மாறியதும் கீழே எழுதியது உதிர்ந்துவிடும்.

மலைப்பாதை:
அதற்கு என்னிடம் பதில் இல்லை. யோசிக்கிறேன் அண்ணா. அடுத்த அமாவாசைக்கு மேகம் இல்லாவிட்டால் அதே மரத்தடிக்குப் போகிறேன், 10 விநாடி, 40 படம்.