சொல் தேவை: ஒரு செடி இதுவரை பதிவாகாத மாவட்டத்தில் கிடைத்தால்?

அனைவருக்கும் வணக்கம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டிய ஆய்வுச்சுருக்கம் ஒன்று மேசையில் கிடக்கிறது. குடும்பிமலைப் பக்கம் கண்ட காட்டுக்கொடி. தெரிந்த இனம்தான், மட்டக்களப்பு மாவட்டத்தில் மட்டும் பதிவில்லை. ‘புதிய பரம்பல் பதிவு’ என்று போட்டேன். வாசித்த மாணவி, “புது இனமா சேர்?” என்று கேட்கிறா. வேறு சொல் இருக்கிறதா?
— மட்டக்களப்பிலிருந்து

அதென்ன பரம்பல்? எங்கள் பாடநூல்களில் பரவல்தான். பரம்பு என்றால் உழுத வயலைச் சமப்படுத்தும் பலகை. பாரியின் பறம்புமலையும் இதற்கு உறவோ என்று எனக்கு நெடுநாள் ஐயம். விரிந்து கிடப்பது என்ற பொருளில்...
— மதுரையிலிருந்து

ஐயா, பாரியின் மலைக்கு வல்லின றகரம், அதை விடுவோம். ‘குடித்தொகைப் பரம்பல்’ இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். என் முன்மொழிவு ‘வந்தநிலப் பதிவு’. “எந்நில மருங்கின் பூவும் புள்ளும்” எங்கு வந்தாலும் “வந்த நிலத்தின் பயத்த ஆகும்”, அதாவது வந்த நிலத்துக்கே உரியவையாகும் என்று தொல்காப்பியத்தின் அகத்திணையியலே வழிவிட்டிருக்கிறதே!
— கல்முனையிலிருந்து

வந்தாரை வாழவைக்கும் மட்டக்களப்புத்தான், அண்ணன். ஆனால் இந்தக் கொடி வந்தது என்று யார் சொன்னது? ட்ரைமனின் இலங்கைத் தாவரக் கைந்நூல் 1893இல் வெளிவரத் தொடங்கியது. அதில் இனத்துக்கு இனம் இடங்கள் குறித்திருக்கும். நம்ம ஊர்ப் பெயர் இல்லையென்றால் செடியும் இல்லை என்றாகாது. யாரும் பறித்துக்கொண்டு போகவில்லை, அவ்வளவுதான். போர்க்காலத்தில் குடும்பிமலையில் செடி சேகரிக்க எவர் போனார்? வெளியிலிருந்து வந்த ஆற்றுவாழை வாவியில் இடம்பிடித்தால் அது பரம்பல் விரிவு. இங்கே விரிந்தது செடியல்ல, நம்ம அறிவு. பூவோடு அழுத்தி உலர்த்திய மாதிரி, தாளின் மூலையில் இடம், திகதி, சேகரித்தவர் பெயர், இலக்கம்: இதுதானே சான்று? ஆகவே ‘மாவட்ட முதற்பதிவு’. மாணவியும் குழம்பமாட்டா.
— அக்கரைப்பற்றிலிருந்து

‘முதற்பதிவு’ என்றால் காணிப் பதிவுக் கந்தோர் வாசம் அடிக்கிறது. இருந்தாலும் புரிகிறது. சரி, என் வாக்கும் அதற்கே.
— கல்முனையிலிருந்து

‘மட்டக்களப்பு மாவட்டத்துக்கான முதற்பதிவு’ என்றே போட்டு அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.
— மட்டக்களப்பிலிருந்து

அவசரப்பட்டுவிட்டீர்கள். பேராதனை உலர்தாவரகத்து அலுமாரியில் இதே மாவட்டத்துப் பழைய தாள் ஒன்று நாளைக்கு அகப்பட்டால் உங்கள் முதற்பதிவு என்னாகும்? ‘புதிய பரவலிடம்’ என்றிருந்தால் இந்தச் சிக்கலே இல்லை.
— மதுரையிலிருந்து

அப்போதும் அது புதிய இடமாக இராதே, ஐயா.
— அக்கரைப்பற்றிலிருந்து