பூந்திக்கொட்டை ஷாம்பு தண்ணியாகவே இருக்கிறது, கெட்டியாக்க என்ன வழி?

கேள்வி (பூந்திநுரை, ஈரோடு):
பூந்திக்கொட்டையும் சீயக்காயும் ராத்திரி ஊறவைத்து, காலையில் கொதிக்கவிட்டு, பிசைந்து வடிகட்டுகிறேன். நுரை நன்றாக வருகிறது, முடியும் சுத்தமாகிறது. ஆனால் ரசம் மாதிரி ஓடுகிறது. கையில் ஊற்றினால் பாதி தரையில், மீதி கண்ணில். எரிச்சல் தாங்கவில்லை. பையன் குளிக்கவே வர மாட்டேன் என்கிறான். உப்புப் போட்டால் கெட்டியாகும் என்று ஒரு வீடியோவில் சொல்கிறார்கள். நிஜமா?

பதில் 1 (செம்பருத்தி வேலி):
செம்பருத்தி இலை ஒரு கைப்பிடி கசக்கி, அந்தக் கொழகொழப்பை வடிகட்டிக் கலந்து பாருங்கள். ஆளி விதை கொதிக்கவைத்த ஜெல்லும் நல்லது. ஆனால் அன்றன்றைக்குச் செய்து அன்றே தீர்க்க வேண்டும்.

பதில் 2 (காஸ்டிக் கை):
உப்பு வேண்டாங்க. கடை ஷாம்புவில் இருக்கும் எஸ்எல்இஎஸ் போன்ற நுரைப்பொருட்களுக்கு மின்சுமை உண்டு. உப்புச் சேர்ந்ததும் அவற்றின் துகள்கள் புழு மாதிரி நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், அதனால் கெட்டியாகும். பூந்திக்கொட்டையில் நுரை தரும் சபோனின் என்ற பொருளுக்கு அந்தச் சுமை இல்லை. எவ்வளவு கொட்டினாலும் உப்புத் தண்ணீர்தான் மிஞ்சும்.

நான் போடுவது ஸாந்தன் கம் என்ற பசைத்தூள். பேக்கரிச் சாமான் விற்கும் கடையில் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு 5 கிராம் போதும், மிஞ்சினால் 8. அதற்கு மேல் போனால் மூக்குச்சளி மாதிரி இழுக்கும், அருவருப்பாக இருக்கும். நேராகத் தண்ணீரில் தூவினால் கட்டி தட்டிவிடும், அப்புறம் எவ்வளவு கடைந்தாலும் கரையாது. முதலில் 30 மில்லி கிளிசரினில் குழைத்துக்கொள்ளுங்கள். அதை ஆறிய சாற்றில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரண்டியால் கலக்குங்கள். மிக்ஸி கூடாது, ஜாடி முழுக்க நுரைதான் இருக்கும். அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள், தானே இறுகும். அவசரப்பட்டு இன்னொரு ஸ்பூன் போட வேண்டாம்.

கொத்தவரை விதையில் எடுக்கும் குவார் கம் விலை குறைவுதான். ஆனால் உங்கள் சாறு புளிப்புத் தன்மை உள்ளது, அதில் நாளாக ஆகக் குவார் இளகும். ஸாந்தன் தாங்கும்.

பதில் 3 (நாட்டுமருந்து):
ஸாந்தன் கம் கெமிக்கல்தானே? அதற்குக் கடை ஷாம்புவே வாங்கிவிடலாமே.

பதில் 2 (காஸ்டிக் கை):
முட்டைக்கோஸ் இலையைக் கருக்கும் ஒரு பாக்டீரியா சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்கும் பசை அது. ஐஸ்கிரீமிலும் சாஸிலும் தின்றுகொண்டுதான் இருக்கிறோம். பிடிக்காவிட்டால் செம்பருத்தியே போதும், சண்டை இல்லை.

உண்மையான சங்கடம் வேறு. பசை சேர்த்த சாறு சீக்கிரம் கெடும். ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு வாரம்தான். புளித்த வாடையோ பூஞ்சையோ தெரிந்தால் கொட்டிவிடுங்கள். நான் சாற்றை ஐஸ் டிரேயில் உறையவைத்து, வேண்டியபோது இரண்டு கட்டி எடுத்து உருக்கிப் பசை சேர்ப்பேன்.

பதில் 4 (செக்கடி):
நான் தேங்காய் எண்ணெயும் காஸ்டிக் பொட்டாஷும் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு) வைத்து லிக்விட் சோப் செய்கிறேன். அதுவும் தண்ணிதான். எலுமிச்சை பிழியலாமா?

பதில் 2 (காஸ்டிக் கை):
பிழியாதீங்க! சோப்பு முறிந்து பால் மாதிரி வெளுத்து எண்ணெய் மிதக்கும். தேங்காய் எண்ணெய் சோப்பு உப்புக்கும் அவ்வளவாக அசையாது. கடல் தண்ணீரிலேயே நுரைக்கும் ரகம் அது, கப்பல்காரர்கள் அதைத்தான் பயன்படுத்தினார்கள். அடுத்த தடவை எண்ணெயில் பெரும்பங்கு ஆலிவ் எண்ணெய் வைத்துக் காய்ச்சுங்கள். அந்தச் சோப்பு கொஞ்சம் உப்புக் கரைசலிலேயே இறுகும். எண்ணெய் மாறினால் பொட்டாஷ் அளவும் மாறும், புதிதாகக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போது கையில் இருப்பதைப் பாத்திரம் கழுவத் தீர்த்துவிடுங்கள். தலைக்கு வேண்டாம், காரம் அதிகம், முடி சொரசொரப்பாகும்.

பூந்திநுரை அக்கா, பையனுக்கு மட்டும் என்றால் கெட்டியாக்கவே வேண்டியதில்லை. அழுத்தினால் நுரையாக வரும் ஹேண்ட்வாஷ் பாட்டில் காலியாக இருக்கிறதா? மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்டி அதில் ஊற்றுங்கள். நுரை வழியாது. தலையை மட்டும் பின்னால் சாய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.