பன், பஃப்ஸ்: திறந்த ட்ரேயா, கண்ணாடிப் பெட்டியா?

ராமமூர்த்திநகர்_கவுன்டர்:

வணக்கம். பெங்களூர்ல டீக்கடையை ஒட்டி ரோட்டோரமா சின்ன பேக்கரி கவுன்டர். காரா பன், பால் பன், ஆலு பஃப்ஸ், முட்டை பஃப்ஸ், தேங்காய்ப் பூரணம் வெச்ச தில்பசந்த், கிரீம் பன், ரஸ்க் எல்லாம் காலைல 6 மணிக்கும் மதியம் 3 மணிக்கும் பேக்கரியிலிருந்து கிரேட்ல வருது. இதுவரை அலுமினிய ட்ரேல திறந்தேதான் இருந்துச்சு. ஈ, தூசின்னு வாங்குறவங்க முகம் சுளிக்கிறாங்க. கண்ணாடிப் பெட்டி போட்டா உள்ள வேர்த்து பன் அடிப்பக்கம் நசநசன்னு ஆகி ரெண்டாம் நாளே பூஞ்சை. பஃப்ஸ் தோல் மாதிரி இழுக்குது. திறந்தா ஈ, மூடினா வேர்வை. தொழில் தெரிஞ்சவங்க வழி சொல்லுங்க. பஃப்ஸ் சூடா இருக்க உள்ள ஒரு குண்டு பல்பும் மாட்டியிருக்கு. அது சரியா?

மாவுக்கை:

ஐயா, வேர்வைக்குக் காரணம் பெட்டி கிடையாது. பன் சூடா உள்ள போகுது, அவ்வளவுதான். அடுப்பிலிருந்து வெளிய வந்த பிறகும் பன் நடுவுல இருக்கிற ஆவி கொஞ்சம் கொஞ்சமா வெளியேறிக்கிட்டேதான் இருக்கும். போக வழியில்லேன்னா கண்ணாடியில துளியா நின்னு திரும்ப பன் மேலேயே சொட்டும். 50, 60 கிராம் பன் ஆற முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம். 400 கிராம் பிரெட்டுக்கு ரெண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பஃப்ஸுக்கு அரை மணி போதும்.

ஆற வைக்கிறதும் ட்ரேல வெச்சா ஆகாது. ட்ரேயோட ஒட்டின அடிப்பக்கம் மூச்சு விட முடியாம நனையும், நீங்க சொல்ற நசநசப்பு அதுதான். கம்பி ரேக்ல, ஒண்ணோட ஒண்ணு இடிக்காம, கீழயும் காத்து போற மாதிரி பரப்பணும்.

உங்களுக்கு வர்ற கிரேட் சூடா, மேல பிளாஸ்டிக் ஷீட் சுத்தி வருதான்னு பாருங்க. அப்படின்னா பாதி வேலை வண்டியிலேயே கெட்டுப்போச்சு. "ஆற வெச்சு அனுப்புங்க, இல்லேன்னா ஷீட் சுத்தாம துணி போட்டு அனுப்புங்க"ன்னு பேக்கரியில சொல்லுங்க. பருத்தித் துணியா இருக்கட்டும். தினமும் வெந்நீர்ல அலசி முழுசா காஞ்ச பிறகுதான் மறுபடி போடணும். ஈரத்துணியா போட்டா அதுவே பூஞ்சைக்கு விதை.

ஆறுற அந்த ஒரு மணி நேரம் சரக்கு ரோட்டுப் பக்கம் இருக்கவே கூடாது. உள் அறையில, வலை அடிச்ச ரேக்ல. ஃபேன் போடலாம், ஆனா ரோட்டுக் காத்தை இழுத்து பன் மேல அடிக்கிற மாதிரி திருப்பாதீங்க.

பெட்டியில ரெண்டு திருத்தம் பண்ணச் சொல்லுங்க. பின்பக்கம் மேலயும் கீழயும் ஓட்டை போட்டு 1 மில்லிமீட்டர் கண் உள்ள ஸ்டீல் வலை அடிக்கணும், ஈ நுழையாது, ஆவி போகும். தட்டுப் பலகையை எடுத்துட்டு கம்பித் தட்டு போடணும். பன்னை ரெண்டு அடுக்குக்கு மேல ஏத்தாதீங்க. மேற்கு வெயில் நேரா கண்ணாடியில விழுந்தா மதியம் 3 மணிக்கு மேல அது அடுப்பாயிடும், இடத்தை மாத்துங்க.

ரஸ்க் கதையே வேற. அதுக்குக் காத்தே ஆகாது. ஈரத்தை இழுத்துக்கும். ஆறின உடனே காத்துப் புகாத டப்பாவுல போட்டுடுங்க.

நுண்ணுயிர்_பாடம்:

மாவுக்கை அவர்கள் சொன்னது பன்னுக்கு முழுக்கச் சரி. ஆனால் எல்லாச் சரக்கையும் ஒரே பெட்டியில், ஒரே விதியில் வைப்பதுதான் இங்கே பெரிய தவறு. உள்ளே எவ்வளவு ஈரம், எவ்வளவு சர்க்கரை, என்ன பூரணம் என்று பார்த்துப் பிரிக்க வேண்டும்.

ரஸ்க், பெண்ணெ (வெண்ணெய்) பிஸ்கட் போன்ற உலர்ந்த சரக்கில் கிருமி பெருக ஈரமே கிடையாது. அங்கே கவலை தூசி, எறும்பு, நமத்துப் போவது மட்டும். சாதா பன்னில் மேல்தோல் காய்ந்திருக்கும், உள்ளே ஈரம் அதிகம். அங்கே வருவது பூஞ்சை. அடுப்புச் சூட்டில் பூஞ்சை வித்து செத்துவிடும். ஆகவே நீங்கள் பார்க்கும் பச்சைப் பூஞ்சை அடுப்புக்குப் பிறகு காற்று, ட்ரே, கத்தி, கை வழியாக வந்தது. அந்த வித்து முளைக்க ஈரம் கொடுத்தது, நீங்கள் சூடாகவே மூடி வைத்தது.

உண்மையில் ஆளை வாந்தி எடுக்க வைப்பவை பூரணம் வைத்த சரக்குகள்: ஆலு பஃப்ஸ், முட்டை பஃப்ஸ், கிரீம் பன். இவற்றில் ஈயைவிட எனக்குப் பயம் கையும் அந்தக் குண்டு பல்பும்.

பல்பு விஷயம் இதுதான். சூடாக வைக்கும் உணவு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிராக வைப்பது 5 டிகிரிக்குக் கீழ். இடைப்பட்டது கிருமி வளரும் எல்லை. குண்டு பல்பு மாட்டிய பெட்டியில் பஃப்ஸ் பெரும்பாலும் 35, 40 டிகிரியில் நிற்கும். தொட்டால் சுகமான சூடு. கிருமிக்கும் அதே சுகம். ஒன்று, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் வைத்த சூடு பெட்டி வாங்கி, குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரை பஃப்ஸின் நடுவில் செருகி 60-க்கு மேல் காட்டுகிறதா என்று பாருங்கள். பெட்டிக்குள் காற்று 70 காட்டும், பூரணம் 45-ல் இருக்கும், ஏமாறாதீர்கள். இல்லையென்றால் பல்பைக் கழற்றிவிட்டு, பூரணச் சரக்கை அடுப்பிலிருந்து வந்த 4 மணி நேரத்துக்குள் விற்று முடியுங்கள். மிஞ்சினால் தூக்கி எறியத்தான் வேண்டும்.

"திரும்பச் சூடு பண்ணிக் கொடுத்தா போச்சு" என்பார்கள். மனிதத் தோலிலும் மூக்கிலும் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி பூரணத்தில் பெருகி நச்சு விட்டுவிட்டால், சூட்டில் கிருமி சாகும், நச்சு அழியாது. சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே வாந்தி வரலாம். உருளைக்கிழங்குப் பூரணத்தில் இன்னொன்று உண்டு, பேசில்லஸ் செரியஸ். அதன் வித்து வேகவைத்தாலும் பிழைக்கும். முதல் நாள் இரவு பெரிய பாத்திரத்தில் செய்த பல்யாவை (உருளைக்கிழங்கு மசாலாவை) அப்படியே மூடி வைத்தால் நடுப்பகுதி ஆறவே மணிக்கணக்கில் ஆகும், அது போதும். அகலமான ட்ரேயில் 5 சென்டிமீட்டருக்குள் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உங்களுக்குச் சரக்கு தரும் பேக்கரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: பூரணம் எப்போது செய்தது?

கிரீம் பன்னில் வனஸ்பதியும் சர்க்கரையும் அடித்த பழைய பாணி கிரீம் என்றால் கொஞ்சம் தாங்கும். பால் கிரீம் என்றால் ஃப்ரிட்ஜ் தவிர வேறு பேச்சே இல்லை. தில்பசந்தில் சர்க்கரை காப்பாற்றும், ஆனால் தேங்காய் காறிப் போகும். வெளியில் இரண்டு நாளைக்கு மேல் வைக்காதீர்கள்.

முட்டை பஃப்ஸை விட்டுவிட்டால், ஐயங்கார் பேக்கரிப் பாணிச் சரக்கில் முட்டை சேராது என்பது ஒரு சின்ன நிம்மதி. ஆனால் "முட்டை இல்லை, அதனால் கெடாது" என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஈசல்_விளக்கு:

ஈ, எறும்பு பத்தி மட்டும் சொல்றேன்.

ஈக்குப் பல் இல்ல. காஞ்ச பன் மேல உட்கார்ந்தா வயித்துல இருக்கிறதைக் கக்கி, கரைச்சு, உறிஞ்சும். உட்கார்ந்த இடத்திலேயே எச்சமும் போடும். கண்ணாடியில, பல்பு மேல பொடிப்பொடியா கறுப்புப் புள்ளி தெரியுதே, அதுதான். அந்தப் புள்ளி இருக்கிற கடையில பன் மேலயும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

ஊதா விளக்குப் பொறி வாங்கினா, சுட்டுக் கொல்ற வகை வேணாம். ஈ வெடிச்சு கால், இறக்கை துண்டு பறந்து சரக்கு மேல விழும். ஒட்டும் அட்டை வெச்ச வகை வாங்குங்க. சரக்குக்கு நேர் மேல மாட்டாதீங்க, தள்ளி, ஆள் உயரத்துல, ரோட்டிலிருந்து பார்த்தா தெரியாத இடத்துல மாட்டணும். தெரிஞ்சா வெளியில போற பூச்சியையும் நாமளே கூப்பிட்ட கணக்கு. பொறியில இருக்கிற குழல்விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், ஊதாக்கதிர் பலம் அதுக்குள்ள குறைஞ்சிடும்.

பெங்களூர்ல மே, ஜூன் முதல் மழை விட்ட சாயங்காலம் ஈசல் கிளம்பும். ட்ரே மேல வெள்ளை விளக்கு எரிஞ்சா நேரா பன் மேலதான். கவுன்டருக்கு மஞ்சள் எல்.ஈ.டி. போட்டு, வெள்ளை விளக்கைத் தள்ளி வெளியில போடுங்க.

எறும்புக்கு ட்ரேயைச் சுத்தி பூச்சிக்கொல்லி சாக்பீஸ் கோடு போடறதைப் பல கடையில பார்க்கலாம். அது விஷப்பொடி. பன் எடுக்கிற கை அந்தக் கோட்டைத் தேச்சுட்டு அடுத்த பன்னைத் தொடும். ஸ்டாண்ட் காலைத் தண்ணி கிண்ணத்துல நிறுத்துங்க, தண்ணியைத் தினமும் மாத்துங்க, போதும். சரக்குப் பக்கத்துல கொசுவத்தியும் வேணாம்.

ஹலசூர்_ஹெல்த்:

கைக்கும் காசுக்கும் வருவோம். ஒரே ஆள் பன்னும் எடுத்து, சில்லறையும் வாங்குகிற கவுன்டரில் கண்ணாடி போட்டு என்ன பயன்? கையுறை போட்டால் இன்னும் மோசம், போட்டவர் கை கழுவுவதையே மறந்துவிடுகிறார், அதே உறையோடு நோட்டு எண்ணுகிறார். ஆள் ஒருவர்தான் என்றால் வெறும் கையும் இடுக்கியும் போதும். பன்னை இடுக்கி மட்டுமே தொட வேண்டும்.

இடுக்கியைத் தண்ணீர் டம்ளரில் நிறுத்தி வைப்பது பெரும்பாலான கடைப் பழக்கம். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மாவுத்துணுக்கு அதில் இறங்கும், மதியத்துக்குள் அது கிருமிக் கஞ்சி. கொக்கியில் தொங்கவிடுங்கள், ட்ரேக்குள் போட வேண்டாம். மூன்று ஜோடி வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று மாற்றுங்கள். சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீரில் 2.5 மில்லி, 4 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (குளோரின் திரவம்) கலந்து (இது 100 பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் 100 பங்கு) சில நிமிடம் ஊறவைத்து, அலசி, துணியால் துடைக்காமல் காற்றில் காயவிடுங்கள். மாவுப்பிசுக்கு போகாமல் குளோரினில் போட்டால் பலன் கிடையாது, பிசுக்கே குளோரினைத் தின்றுவிடும். பினாயில் போட்டுத் துடைக்கிற அதே துணியால் ட்ரேயையும் துடைப்பது வேறு ஒரு கூத்து. ட்ரேக்குத் தனித்துணி, தனி நிறம்.

சட்டப் பக்கமும் பார்த்துவிடுங்கள். உங்கள் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எண் 14 இலக்கம், கடையில் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும். அந்த ஆணையத்தின் 2011 உரிம, பதிவு விதிகளின் நான்காம் அட்டவணைப்படி சரக்கைத் தூசி, பூச்சி படாமல் மூடி வைப்பது கடைக்காரர் பொறுப்பு. உணவைக் கையாளும் ஆளுக்கு ஆண்டுக்கு ஒரு மருத்துவப் பரிசோதனையும் உண்டு. செய்தித்தாளில் மடித்துக் கொடுப்பதும் 2018 பேக்கேஜிங் விதிகளில் தடை. எண்ணெய்ப் பிசுக்குள்ள பஃப்ஸ் அச்சு மையை அப்படியே உறிஞ்சும். பழுப்புக் காகிதப் பை, பட்டர் பேப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். கிளிங் ஃபிலிம் (ஒட்டிக்கொள்ளும் மெல்லிய பிளாஸ்டிக் தாள்) சுற்றலாமே என்று யாராவது யோசனை சொன்னால், கர்நாடகம் 2016-ல் தடை செய்த பிளாஸ்டிக் பட்டியலில் அதுவும் இருக்கிறது.

ராமமூர்த்திநகர்_கவுன்டர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பல்பைக் கழற்றியாச்சு. ரெண்டு சந்தேகம். மதியம் வந்த பன் ராத்திரி மிஞ்சினா ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா? அப்புறம், சில நாள் பிரெட் உள்ள பூஞ்சையே இல்லாம ஒரு மாதிரி அன்னாசி வாசனை வருதுன்னு ஒரு கஸ்டமர் கேட்டார். அது என்ன?

மாவுக்கை:

சாதா பன்னை ஃப்ரிட்ஜ்ல வெச்சா சீக்கிரம் விறைச்சுப் போகும், மாவுச்சத்து அந்தக் குளிர்லதான் வேகமா இறுகும். பூஞ்சை மெதுவாத்தான் வரும், ஆனா யாரும் வாங்க மாட்டாங்க. ராத்திரிக்கு ஆறின பன்னை எலி, கரப்பான் நுழையாத, மூடி போட்ட ஸ்டீல் டின்ல வெச்சு, மறுநாள் காலைல முதல்ல அதை வித்திடுங்க. புது சரக்கோட கலக்காதீங்க. சின்ன அட்டையில வந்த நேரம் எழுதி ட்ரேல சொருகினா உங்களுக்கே குழப்பம் இருக்காது. அதைவிட நல்லது ஆர்டரைக் குறைச்சு, பஃப்ஸை ரெண்டு தடவைக்கு பதிலா மூணு தடவையா வரவைக்கிறது.

நுண்ணுயிர்_பாடம்:

அன்னாசி வாசனைக்குப் பெயர் ரோப். மாவில் இருக்கும் பேசில்லஸ் வித்து அடுப்பில் சாவதில்லை. பெங்களூரு கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே இருப்பதால் தண்ணீர் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும், பிரெட்டின் நடுப்பகுதி அதைத் தாண்டாது. வெயில் காலத்தில் சரியாக ஆறாத பிரெட்டில் அந்த வித்து முளைத்து, முதலில் பழ வாசனை, பிறகு நடுப்பகுதி பிசுபிசுப்பு. துண்டைப் பிய்த்தால் சிலந்தி நூல் மாதிரி இழை இழுக்கும். அந்த லாட்டை முழுதும் திருப்பி அனுப்புங்கள். பேக்கரியில் ட்ரே, கத்தி, டேபிளை வினிகர் தண்ணீரில் துடைத்து, பழைய பிரெட் தூளைப் புது மாவில் கலக்காமல் இருந்தால்தான் அடுத்த லாட் பிழைக்கும். மாவு கிலோவுக்கு 2, 3 கிராம் கால்சியம் புரோப்பியோனேட் போடுகிறார்களா என்றும் கேளுங்கள். அது அனுமதிக்கப்பட்டதுதான், ரோப்பையும் பூஞ்சையையும் தள்ளிப்போடும். மாவு நன்றாக எழும்பப் போடும் பொட்டாசியம் புரோமேட் சேர்க்கிறோம் என்று சொன்னால் பேக்கரியையே மாற்றுங்கள். 2016-லேயே தடை.