பழைய மாருதி 800: பிரேக் பைப்பை ஒட்டுப் போடலாமா, முழுசாக மாற்றணுமா?

காசிமேடு800: 1999 மாடல் வண்டி. நேற்று பெடல் மெத்தென்று உள்ளே போனது. தூக்கிப் பார்த்தால் பின்சக்கரத்துக்குப் போகும் பைப் துருவேறி, பெட்ரோல் டேங்க் பக்கம் ஆயில் கசிகிறது. மீன் வண்டிகள் சிந்தும் உப்புத் தண்ணீரில்தான் தினமும் ஓடுகிறது, வேறென்ன ஆகும். கெட்டுப்போன ஒரு அடியை வெட்டிவிட்டு ஃப்ரிட்ஜ் செம்புப் பைப்பை வைத்து ஒட்டலாம் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

தண்டையார்பேட்டை டாக்சி: தாராளமாகச் செய்யுங்கள் தம்பி. என் அம்பாசடரில் இரண்டு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது. செம்பு துருப்பிடிக்காது. முழுப் பைப் என்றால் டேங்கை இறக்கணும், ஒரு நாள் ஓட்டம் போச்சு. வண்டியை நம்பிப் பிழைக்கிறவனுக்குத்தான் அந்த வலி தெரியும்.

ராயபுரம் லேத்: அண்ணே, செம்பு துருப்பிடிக்காது, உண்மைதான். ஆனால் வண்டி அதிர அதிர அது இறுகிப் போய், நட்டு ஓரத்தில் விரிசல் விடும். ஓங்கி மிதிக்கும்போது பிரேக் பைப்புக்குள் வரும் அழுத்தம், ஃப்ரிட்ஜில் இருப்பதைவிடப் பல மடங்கு. அதோடு, ஒரு அடி ஓட்டையாகிவிட்டதென்றால் மீதிப் பைப்பும் அதே உப்பைத்தானே தின்றிருக்கும்?

தண்டையார்பேட்டை டாக்சி: மாருதியில் இரண்டு சர்க்யூட், அதாவது பிரேக் ஆயில் போக இரண்டு தனித்தனி வழி. ஒன்று போனாலும் இன்னொன்று பிடிக்குமே?

ராயபுரம் லேத்: பிடிக்கும், ஆனால் வண்டி நிற்கும் தூரம் கூடிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போகிற கன்டெய்னர் டிரெய்லர் சட்டென்று நின்றால் அந்தத் தூரத்துக்கு எங்கே போவது? உங்கள் அம்பாசடர் ஒற்றை சர்க்யூட் மாடல் என்றால் அந்தப் பாதி பிரேக்கும் கிடையாது. அதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணே.

காசிமேடு தம்பி, 4.75 மில்லிமீட்டர் ஸ்டீல் பிரேக் பைப்பே வாங்குங்கள். செம்புதான் வேண்டுமென்றால், பத்து சதவீதம் நிக்கல் கலந்த பிரேக் பைப் தனியாக உண்டு. அது வளைக்கவும் சுலபம், உப்புக்கும் தாங்கும். நட்டை முதலில் மாட்டிவிட்டுத்தான் முனையை விரிக்கணும், மறந்தால் முனையை வெட்டிவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டியதுதான். விரித்த முனை உள்பக்கம் மடிந்து இரட்டை மடிப்பாக இருக்கணும், ஒற்றை மடிப்பு ஸ்டீலில் வெடித்துவிடும். உள்ளே பிசிறு இல்லாமல் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல், டீசல் ஊற்றிக் கழுவ வேண்டாம், சிலிண்டர் ரப்பர் ஊதிப்போகும். அப்புறம் புது பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுங்கள், அதாவது பைப்புக்குள் தங்கிய காற்றை வெளியேற்றுங்கள்.

காசிமேடு800: சரி, முழுசாகவே மாற்றுகிறேன். டேங்கை இறக்கும்போது அதன் மேல்பக்கம் போகும் பைப்பையும் பார்த்துவிடச் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை டாக்சி: ஒரு நாள் ஓட்டம் போவது போவதுதான், அதை நான் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் என்னுடையது ஒற்றை சர்க்யூட்தான். அம்பாசடருக்கு இன்ச் மரை நட்டு வேணும், உங்கள் லேத்தில் இருக்கிறதா?

ராயபுரம் லேத்: பழைய நட்டைக் கழற்றி எடுத்து வாருங்கள் அண்ணே, மரை பார்த்துப் போட்டுத் தருகிறேன்.