நான்காவது ஏர் ரைபிள்: கேஸ் ராமா, பிசிபியா?

வணக்கம் நண்பர்களே, வேலூர் சத்துவாச்சாரியில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் மூன்று ஏர் ரைபிள்கள் உள்ளன. மூன்றுமே .177 (4.5 மி.மீ. குண்டு), குழலை மடித்து இழுக்கும் ஸ்பிரிங் வகை. முதலாவது அப்பா வாங்கியது. தோல் வாஷர் காயாமல் பார்த்துக்கொண்டால் இன்றும் ஒழுங்காகச் சுடுகிறது, அதை யாருக்கும் தர மாட்டேன்.

நான்காவதாக கேஸ் ராம் (ஸ்பிரிங்குக்குப் பதில் அடைத்த வாயு பிஸ்டனைத் தள்ளும் வகை) வாங்குவதா, பிசிபி (முன்கூட்டியே அழுத்தி நிரப்பிய காற்றில் சுடும் வகை) வாங்குவதா என்பதில்தான் குழப்பம். வீட்டுத் தாழ்வாரத்தில் 10 மீட்டரில் காகித இலக்கை மட்டும்தான் சுடுகிறேன், பின்னால் களிமண் அடைத்த பெட்டி உண்டு. ஸ்பிரிங்கில் குண்டு குழலை விட்டு வெளியேறும் முன்பே பிஸ்டன் உதைத்துவிடுகிறது. பிடி கொஞ்சம் மாறினாலும் குண்டு விலகிப் போகிறது. போட்டி இலக்கின் நடுப்புள்ளியோ வெறும் 0.5 மி.மீ.! அதனால் உதையே தெரியாத பிசிபி மேல் ரொம்ப ஆசை. பிரிசிஹோல் பிஎக்ஸ் 100 மனதில் இருக்கிறது.

ஆனால் அதற்கு 200 பார் அழுத்தம் வரை கைப்பம்பில் காற்று அடிக்க வேண்டுமே. அப்புறம், சித்திரையில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும் வெயிலில் ஓ-ரிங்குகள் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்) தாங்குமா? பம்பில் ஈரம் சேராமல் இருக்க என்ன செய்கிறீர்கள்? கேஸ் ராம் என்றால் பம்ப் தொல்லை இல்லை, ஸ்பிரிங் தளர்ந்துபோகும் கவலையும் இல்லை. உதை மட்டும் இருக்கும்.

உரிமம் தேவைப்படாத 20 ஜூல், 4.5 மி.மீ. வரம்புக்குள்தான் வாங்குவேன். இரண்டையும் வைத்திருப்பவர்கள், குறிப்பாகக் காட்பாடி, ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் இருப்பவர்கள் சொல்லுங்கள். சீல் மாற்ற ஒவ்வொரு முறையும் சென்னைக்குத்தான் கொண்டுபோகிறீர்களா, வீட்டிலேயே மாற்ற முடிகிறதா?