புதுப்பிப்பு: ரிங் ஸ்லிங்கில் துணி தொய்வது ஏன்?

ரிங் ஸ்லிங் என்பது குழந்தையை உடலோடு சேர்த்துச் சுமக்க உதவும், வளையங்கள் கொண்ட நீள்துணி. அதன் இரு வளையங்களில் துணியைக் கோக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். 'எவ்வளவு இழுத்தாலும் தொய்கிறது' என்றுதான் பலரும் கேட்டிருந்தீர்கள்.

பெரும்பாலும் வளையத்துக்குள் துணி முறுக்கியிருக்கும். கரைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதபடி விசிறிபோல் பரப்புங்கள். வளையத்திலிருந்து தொங்கும் துணி முழுவதையும் சேர்த்து இழுக்காதீர்கள். மேல்பக்கம் தளர்ந்தால் மேல்கரையை மட்டும் இழுங்கள். மறு கையால் குழந்தையின் எடையைத் தாங்கினால்தான் துணி நகரும். வழுவழுப்பான பட்டும் சிந்தெடிக்கும் வளையத்தில் நிற்காது. கைவினைக் கடை வளையம் வேண்டவே வேண்டாம், இணைப்பு விட்டுவிடலாம். சுமப்பதற்கென்றே செய்த, இணைப்பில்லாத வளையம் வாங்குங்கள்.

குழந்தை நழுவினால், உட்காரும் இடத்தில் துணி போதவில்லை. கீழ்கரையை இருவருக்கும் நடுவே மேலே செருகி, ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு மடிப்புவரை விரியுங்கள். முழங்கால்கள் பிட்டத்தைவிட உயர்ந்திருக்கட்டும்.

படுக்கவைத்துச் சுமக்கலாமா? கூடாது. தாடை மார்பில் அழுந்தினால் மூச்சு சத்தமின்றி அடைபடும். 2010இல் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 4 மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த ஆபத்தையே எச்சரித்தது. நிமிர்த்தி வையுங்கள், தாடைக்கடியில் இரண்டு விரல் இடைவெளி, முகம் எப்போதும் கண்ணில் படவேண்டும். குறைமாதக் குழந்தையென்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள்.