சண்டை விமான இன்ஜினால் ஜவ்வரிசி ஆலை ஓடியிருக்குமா?

சூரமங்கலத்தான்:
மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது போரினால் நின்றுபோன பிறகு சேலத்தில் இத்தொழில் வேரூன்றியது என்பதைப் பலரும் அறிவீர்கள். எங்கள் உறவினரின் ஆலையும் அந்தக் காலத்தில் தொடங்கியதுதான். ராணுவ ஏலத்தில் எடுத்த சண்டை விமான இன்ஜினைக் கொண்டே அங்கு முதலில் கிழங்கு அரைத்தார்கள் என்று வீட்டுப் பெரியவர்கள் உறுதியாகச் சொல்கிறார்கள். ஆலையின் பின்கட்டில் துருவேறிய இன்ஜின் ஒன்று இன்னும் கிடக்கிறது. இது நடந்திருக்கக் கூடியதா? போர் முடிந்தபின் அத்தகைய இன்ஜின்கள் எதற்குப் பயன்பட்டன?

லேத் வாத்தியார்:
பெரியவர்கள் வருத்தப்படக் கூடாது. ஆனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் சண்டை விமானங்களில் இருந்த ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜினை எடுத்துக்கொள்ளுங்கள். 12 சிலிண்டர், 27 லிட்டர் கொள்ளளவு, தொடக்க வகைகளிலேயே 1,000 குதிரைத்திறனுக்கு மேல். அந்தத் திறன் முழுவதையும் எடுத்தால் மணிக்கு ஏறக்குறைய 300 லிட்டர் பெட்ரோல் செலவாகும். அதுவும் 100 ஆக்டேன் விமான பெட்ரோல். அக்காலச் சிறு ஆலைக்குப் பத்துப் பதினைந்து குதிரைத்திறனே தாராளம். திறனைக் குறைத்து ஓட்டலாமே என்பீர்கள். அவ்வளவு பெரிய இன்ஜின் தன்னைத்தானே சுழற்றிக்கொள்வதற்கே ஆலையின் தேவையைவிட அதிக எரிபொருளைத் தின்றுவிடும். மேலும், பறக்கும்போது பாயும் காற்றை நம்பி அமைந்த ரேடியேட்டர், கொட்டகைக்குள் நிற்கும் இன்ஜினைக் குளிர்விக்காது. சில நூறு மணி நேரத்திற்கு ஒரு முறை முழுவதுமாகப் பிரித்துப் பழுதுபார்க்கவும் வேண்டும். இந்தச் செலவைத் தாங்கும் கிழங்கு எந்த ஊரில் விளைகிறது?

ஓய்வுபெற்ற இ.எம்.இ. (ராணுவ இயந்திரப் பழுதுபார்ப்புப் படை):
வாத்தியார் ஐயா சொல்வது சரி. ஆயினும் மெர்லினின் வழிவந்த இன்ஜின் ஒன்று நம் நாட்டில் தரையில் நெடுங்காலம் உழைத்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மெர்லினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் சூப்பர்சார்ஜரை நீக்கி, சாதாரண பெட்ரோலில் ஓடும்படி மாற்றி, 600 குதிரைத்திறன் அளவில் நிறுத்தியதுதான் மீட்டியார் என்னும் டாங்கி இன்ஜின். பறக்கத் தகுதியிழந்த மெர்லின்களின் பாகங்களும் தொடக்கத்தில் அதற்குப் பயன்பட்டன. குரோம்வெல், காமெட் டாங்கிகளைத் தொடர்ந்து செஞ்சூரியனிலும் அது இடம்பெற்றது. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தர் என்ற ஊரில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகளை எதிர்த்து நின்ற நமது செஞ்சூரியன்களுக்குள் உறுமியது மீட்டியாரே. அதன் பெட்ரோல் தாகம் ராணுவத்தில் பெயர் பெற்றது. ஏறத்தாழ 50 டன் எடையை இழுக்கும் வேலை என்பதால் பொறுத்துக்கொண்டார்கள்.

சேர்வராயன்:
செலவைப் பற்றிக் கவலைப்படாதவர்களிடம்தான் இந்த இன்ஜின்கள் அதிகம் போய்ச் சேர்ந்தன. அமெரிக்காவில் போருக்குப் பின் ஆலிசன் வி-1710 என்ற சண்டை விமான இன்ஜின்கள் உபரியாக மலிந்து கிடந்ததால் படகுப் பந்தயக்காரர்கள் அவற்றை விரும்பி வாங்கினார்கள். 1950 ஜூனில் சியாட்டில் நகரின் வாஷிங்டன் ஏரியில் ஸ்லோ-மோ-ஷன் IV என்ற படகு, ஆலிசன் இன்ஜினுடன் மணிக்கு 160 மைலைத் தாண்டி உலக சாதனை படைத்தது. விமானத்தில் புரொப்பெல்லருக்காகச் சுழற்சியைக் குறைப்பார்கள். இப்படகிலோ பாதி நீரில் மூழ்கிய சிறு புரொப்பெல்லருக்காக அதை மூன்று மடங்காக உயர்த்தினார்கள். அதன் பிறகு பல ஆண்டுகள் ஆலிசனும் மெர்லினுமே அந்தப் பந்தயங்களை ஆண்டன. 1980-களில்தான் ஹெலிகாப்டர் டர்பைன்கள் அவற்றை ஓரங்கட்டின. டிராக்டர் இழுவைப் போட்டிகளில் இன்றும் ஆலிசனைக் காணலாம்.

ஸ்பெயினில் நடந்தது இன்னும் வேடிக்கை. ஜெர்மன் இன்ஜின் கிடைக்காமல் போனதால், ஜெர்மனியின் சண்டை விமானமான மெஸ்ஸெர்ஷ்மிட் 109-இன் ஸ்பானிய வடிவத்திற்கு 1950-களில் மெர்லினைப் பொருத்தினார்கள். போரில் அந்த விமானத்தைத் துரத்தியடித்த இன்ஜினே அதன் மூக்கில் ஏறிக்கொண்டது.

லேத் வாத்தியார்:
சூரமங்கலத்தாருக்கு ஒரு வேண்டுகோள். பின்கட்டில் கிடப்பதைப் பார்த்து, சிலிண்டர்கள் எத்தனை வரிசை, ஒவ்வொன்றுக்கும் ஸ்பார்க் பிளக் துளை எத்தனை, ஃப்ளைவீல் (சுழற்சியைச் சீராக்கும் கனத்த சக்கரம்) உண்டா என்று எழுதுங்கள். ஒன்று பழுதானாலும் மற்றது காப்பாற்ற வேண்டும் என்பதற்காகச் சண்டை விமான இன்ஜின்களில் சிலிண்டருக்கு இரண்டு பிளக் வைப்பார்கள்.

சூரமங்கலத்தான்:
இன்று காலை போய்ப் பார்த்தேன். ஒரே வரிசையில் ஆறு சிலிண்டர்கள், தலைக்கு ஒரு பிளக் துளை, பின்னால் கனத்த ஃப்ளைவீல்.

ஓய்வுபெற்ற இ.எம்.இ.:
அப்படியானால் அது லாரி இன்ஜின். போருக்குப் பின் டிஸ்போசல் என்ற உபரி விற்பனையில் வந்த ராணுவ லாரிகளில் செவர்லேக்கு இதே ஆறு சிலிண்டர் அமைப்புதான். ராணுவ ஏலம் என்று பெரியவர்கள் சொன்னது மெய்யாகவே இருக்கலாம். பிளாக்கின் பக்கவாட்டில் வார்ப்பு எண் இருக்கும். துருவைத் தேய்த்துவிட்டுப் படம் எடுத்துப் போடுங்கள்.